ஆறாவது ஆள்

சென்ற தை மாதம் பேரன் பிறந்ததில் எங்கள் வீட்டு ஆள்கணக்கு ஐந்திலிருந்து ஆறானது. தாய்வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு மருமகள் குழந்தையோடு உறையூர் திரும்பியது சித்திரையில். வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. இரவு தோசையைப் பிய்த்துக்கொண்டே மகன் ஆரம்பித்தான்.

"அப்பா, நம்ம வண்டிய மாத்திரலாமா? ஏழு பேர் போற வண்டியா பார்க்கலாம்."

எனக்குத் தோசை தொண்டையில் நின்றது. எங்கள் வேகன்ஆர் 2019-இல் வாங்கியது. ஆறே வயது. ஓடியிருப்பது 41,000 கிலோமீட்டர். மொத்தம் ஒரே ஒரு கீறல், அதுவும் நான் போட்டது அல்ல. அதைப் போய் மாற்றுவதா?

"அதுக்கு என்ன குறை?" என்றேன்.

"வண்டிக்கு ஒரு குறையும் இல்லப்பா. நாமதான் ஒரு ஆள் கூடிட்டோம்."

நான் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் 34 வருடம் குப்பை கொட்டியவன். பஞ்சாயத்து யூனியன்களின் ஜீப் லாக் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி, "இந்தப் பயணம் தேவைதானா?" என்று சிவப்பு மையில் எழுதியே பென்ஷன் வாங்கியவன். என் வீட்டு வண்டிக்கு மட்டும் சும்மா விடுவேனா? "தேவையா இல்லையான்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். மகன் மருமகளைப் பார்த்தான். மருமகள் தோசையைப் பார்த்தாள். என் மனைவி அடுத்த தோசைக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டு வாகன வரலாற்றை இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படிப்பவர்களில் பலருக்கு இது உங்கள் வீட்டு வரலாறாகவும் இருக்கும்.

அப்பாவிடம் இருந்தது ஒரு சைக்கிள். முன்கம்பியில் நான், பின்னால் கேரியரில் அம்மா, அம்மா மடியில் தம்பி. அப்படியே சினிமாவுக்கும் போய் வந்திருக்கிறோம். கம்பி உறுத்தாமல் இருக்க அப்பா தன் துண்டை மடித்துச் சுற்றிவைப்பார்.

1980-இல் வேலைக்குச் சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியம் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தது. அந்தக் காலத்தில் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை. எனக்குச் சேத்தக் கைக்கு வந்தபோது கல்யாணம் முடிந்து, மகள் பிறந்து, அவள் நடக்கவும் ஆரம்பித்திருந்தாள். பிறகு மகன். முன்னால் மகள் நின்றுகொண்டு வருவாள். எனக்கும் மனைவிக்கும் நடுவில் மகன். மனைவி ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் என் தோளையும் மறுகையால் பையையும் பிடித்திருப்பாள். காலையில் கிளம்ப மறுத்தால் வண்டியை இடப்பக்கம் சாய்த்துவைத்து, நிமிர்த்தி, உதைக்க வேண்டும். நான்கு பேரைச் சுமந்துகொண்டு அது சமயபுரம், வயலூர் என்று போகாத கோயில் இல்லை.

2001-இல் பழைய மாருதி 800 ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு முன்னால் கார் நிற்பதைத் தெருமுனையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்த காலம் அது. மகள் கல்யாணமாகி ஓசூர் போனாள். மகனுக்குக் கல்யாணம் ஆனது. பேத்தி பிறந்த வருடம் வேகன்ஆர் வந்தது. சைக்கிள், ஸ்கூட்டர், சின்னக் கார், கொஞ்சம் பெரிய கார். இதற்கு மேல் எனக்கு எதற்கு வண்டி என்று நினைத்திருந்தேன்.

மகன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வேகன்ஆரில் ஐந்து பேருக்குத்தான் இடம். ஆர்.சி. புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் என் காலத்து மனசு, "கைக்குழந்தை ஒரு ஆளா? மடியில் வைத்துக்கொண்டால் போயிற்று" என்றது. இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

மருமகள் அதிர்ந்து பேசாதவள். அன்று மட்டும் பேசினாள்.

"மடியில வேணாம் மாமா. வண்டி வேகமா போயி எதுலயாவது முட்டி நின்னா, ஆறு கிலோ குழந்தை அதோட எடையைப் போல பல மடங்கு வேகமா முன்னால இழுக்கும். யார் கையும் தாங்காது. குழந்தைக்குன்னு தனி சீட்டு வேணும்."

அவள் சொன்னதுதான் சட்டமும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை பெல்ட்டோ குழந்தைகளுக்கான இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அந்தக் காலத்தில் நான் நான்கு பேரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனது வீரம் அல்ல, அதிர்ஷ்டம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் வேறு வழியும் இல்லை.

ஆக, குழந்தை இருக்கை வந்தது. பின்சீட்டில் ஒரு ஓரத்தை அது பிடித்துக்கொண்டது. மறு ஓரம் பேத்திக்கு. நடுவில் இருவருக்கும் காவலாக மருமகள். முன்னால் ஓட்டுவது மகன், பக்கத்தில் நான். ஐந்து இடமும் முடிந்தது.

ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்ததும் என் மனைவி கேட்டைத் திறந்துவிடுவாள். வண்டி வெளியே போனதும் கையை ஆட்டுவாள். பேத்தி பின்சீட்டில் இருந்து ஆட்டுவாள். ஒருநாள் என் மனைவி அடுப்பில் பால் வைத்திருந்ததால் சட்டென்று உள்ளே போய்விட்டாள். மகன் வண்டியை எடுக்கப் போனான். பேத்தி கத்தினாள்:

"இருங்கப்பா! அப்பாயி டாட்டா காட்டினாத்தான் வண்டி கிளம்பும்!"

வண்டியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். ஒரு வாரம் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன்.

மே முதல் தேதி ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, எங்கே, யார் யார், எத்தனை கிலோமீட்டர் என்று நான்கு கட்டம். மூன்று மாதம், வண்டி வாசலைத் தாண்டினால் நோட்டில் ஏறும். மகன் சிரித்தான். ஆனாலும் ஆபீசிலிருந்து வந்ததும், "இன்னைக்கு 14 கிலோமீட்டர், நான் மட்டும்" என்று ஒழுங்காகச் சொல்லிவிடுவான். தணிக்கையாளர் வீட்டுப் பிள்ளை.

ஜூலை 31-ஆம் தேதி கணக்கை முடித்தேன். மொத்தம் 74 பயணம். அதில் ஒருவரோ இருவரோ போனது 51. மூன்று நான்கு பேர் போனது 14. ஐந்து பேரும் நிறைந்து போனது வெறும் 9.

இந்த ஒன்பதையும் பிரித்தேன். ஆறு உள்ளூர்: கல்யாண மண்டபம், கோயில், பேத்தியின் பள்ளி விழா. மூன்று வெளியூர்: தஞ்சாவூரில் ஒரு கல்யாணம், கரூரில் ஒரு கிரகப்பிரவேசம், புதுக்கோட்டையில் சம்பந்தி வீடு. வருடத்துக்கு நான்கால் பெருக்கினால் உள்ளூர் 24, வெளியூர் 12. வெளியூருக்குப் பெரிய வாடகை வண்டி எடுத்தால் தடவைக்கு 4,000 ரூபாய் என்று வைத்து 48,000. உள்ளூருக்குக் கூடுதலாக ஒரு ஆட்டோ, போக வர 400 வீதம் 9,600. ஆக வருடத்துக்கு 57,600 ரூபாய்.

மறுபக்கம் ஏழு பேர் வண்டி. எல்லாம் சேர்த்து ரோட்டுக்கு வரும்போது 13 லட்சம் என்று மகன் விசாரித்து வைத்திருந்தான். பழைய வண்டிக்கு 3 லட்சம் கழித்தாலும் கையிலிருந்து 10 லட்சம். அதை வங்கியில் போட்டு ஏழு சதவீதம் வட்டி என்று வைத்தாலே வருடத்துக்கு 70,000. அதாவது, வண்டி வாங்காமல் வட்டியை மட்டும் வாங்கினாலே எல்லாப் பயணத்துக்கும் வாடகை கொடுத்து, மிச்சம் 12,400 ரூபாய்க்கு பில்டர் காபி குடிக்கலாம். இன்சூரன்ஸ், சர்வீஸ், தேய்மானம் எதையும் நான் சேர்க்கவே இல்லை.

இதோடு நிற்கவில்லை. டேப்பை எடுத்துப் போர்ட்டிகோவை அளந்தேன். கேட்டிலிருந்து சுவர் வரை 15 அடி. வேகன்ஆர் 3,655 மில்லிமீட்டர், சரியாகப் பன்னிரண்டு அடி. மகன் சொன்ன எர்டிகா 4,395 மில்லிமீட்டர், பதினாலரை அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. வண்டி உள்ளே வரும், கேட் உள்பக்கமாகத் திறக்காது. இதையும் நோட்டில் எழுதினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, ஆடிப்பெருக்கு. காலையில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு டவுன் பஸ்ஸில் அம்மா மண்டபம் போய்த் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு வந்திருந்தாள் என் மனைவி. மதியம் எலுமிச்சை, தேங்காய், புளிச் சாதங்கள். சாயங்காலம் எல்லாரும் கூடத்தில் இருக்கும்போது நோட்டை எடுத்துவந்து வாசித்தேன். பொதுக்குழுவில் வரவு செலவு வாசிப்பது போலத்தான் வாசித்தேன், வேண்டுமென்றேதான்.

மகனால் ஒன்றும் பேச முடியவில்லை. "கணக்கு சரியாத்தான்ப்பா இருக்கு" என்றான். மருமகள் குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அதைக் குடுங்க" என்று நோட்டை வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இந்த ஒம்பதுல நான் எங்க இருக்கேன்?"

நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒன்பது வரியிலும் 'யார் யார்' கட்டத்தில் ஐந்து பெயரின் முதலெழுத்து இருந்தது. அவள் எழுத்து ஒன்றில்கூட இல்லை. கரூர் கிரகப்பிரவேசம் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை வீட்டு விசேஷம். அதற்கும் மொய்க் கவரை என் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"நீதானே வரலைன்னு சொன்னே?"

"சொன்னேன். அஞ்சு பேரும் செருப்பு போட்டுட்டு, 'நீ வரலைதானே'ன்னு கேட்டா வேற என்ன சொல்வாங்க?" கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்கும் குரல்தான். "அப்புறம், உள்ளூருக்கு ஒரு ஆட்டோன்னு போட்டிருக்கீங்க. அந்த ஆட்டோவுல யாரு போறதுன்னு எழுதியிருக்கீங்களா?"

எழுதவில்லை. எழுதவில்லை என்பதோடு, அது யார் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

அவள் நோட்டை மேஜையில் வைத்துவிட்டு விளக்கேற்றப் போய்விட்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உள்ளாட்சிக் கணக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வரி என்றால் மூன்று கட்டம் உண்டு: கேட்பு, வசூல், நிலுவை. இவ்வளவு வர வேண்டும், இவ்வளவு வந்தது, இவ்வளவு நிற்கிறது. வசூலை மட்டும் காட்டிவிட்டு ஒரு நிர்வாக அதிகாரி தப்பிவிட முடியாது. "கேட்பு எங்கே?" என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. நான் எத்தனை பேரை அந்தக் கேள்வியால் வியர்க்க வைத்திருக்கிறேன்! என் நோட்டில் நான் எழுதியது வசூல் மட்டும்தான். போன பயணங்களை எழுதினேன். போக நினைத்துப் போகாதவளுக்கு அதில் கட்டமே இல்லை. அவள் பெயரில் எத்தனை வருட நிலுவை நிற்கிறது என்று எனக்குத் தெரியாது.

அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. "நீங்க போயிட்டு வாங்க." இந்த வாக்கியத்தை நான் இந்த வீட்டில் முன்பே கேட்டிருக்கிறேன்.

ஸ்கூட்டரில் நான்கு பேர் என்று மேலே எழுதினேன். அப்போது வீட்டில் ஆள் ஐந்து. அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான் இருந்தார்கள். நாங்கள் கிளம்பும்போதெல்லாம், "நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்கு முட்டி வலிக்குது" என்பார்கள். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். முட்டி வலிதானே, தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஆடிப்பெருக்குக்கு நாங்கள் நால்வரும் கல்லணை போய்வந்தோம். ஆற்றில் நல்ல தண்ணீர். திரும்பி வந்ததும் அம்மா கேட்டார்கள்: "கல்லணையில தண்ணி எப்படிப் போவுது?" அம்மா பிறந்தது பெரம்பலூர்ப் பக்கம், மானாவாரிச் சீமை. தண்ணீர் என்றால் அவர்களுக்கு ஒரு ஆசை உண்டு. "நல்லாப் போவுதும்மா" என்று சொல்லிவிட்டு நான் சட்டையைக் கழற்றப் போய்விட்டேன். அம்மா விடவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எவ்வளவு அகலம், எவ்வளவு சத்தம், என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உறையூரிலிருந்து கல்லணை இருபது கிலோமீட்டர்தான். பஸ்ஸில் கூட்டிப்போயிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு அம்மாவை ஸ்கூட்டரில் உட்காரவைத்துப் போயிருக்கலாம். போகவில்லை. 1996-இல் அம்மா இறந்தார்கள். அவர்கள் கல்லணையைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை காபி கொடுக்க வந்த மனைவியிடம், "வண்டியை மாத்திரலாம்" என்றேன்.

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். வண்டி பெருசாகறதுக்கு முன்னால, அடுத்த தடவை கிளம்பறப்போ 'நீ வர்றியா'ன்னு கேளுங்க. 'வரலைதானே'ன்னு கேக்காதீங்க" என்றாள்.

ஆவணி பிறந்ததும் ஆறு பேருமாக ஷோரூம் போனோம். நானும் மனைவியும் ஆட்டோவில். அந்த ஆட்டோவில் யார் போவது என்ற கேள்விக்கு அன்று முதல் பதில் கிடைத்தது.

வீட்டில் இந்த யோசனை இருப்பவர்களுக்காக, அங்கே கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஏழு பேர் வண்டி என்பது பெயருக்குத்தான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்க்காமல் யாரும் முடிவு செய்யாதீர்கள். விற்பனைப் பையன், "அம்மா தாராளமா பின்னால உட்காரலாம் சார்" என்றான். நடுவரிசை சீட்டை மடக்கி, குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, மறுகாலை இழுத்துப் போக வேண்டும். என் மனைவி ஒரு காலை வைத்தாள். முட்டி மடங்கவில்லை. அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இதுல ஏர்றதுக்கு நான் வீட்டுலயே டாட்டா காட்டிக்கிட்டு இருப்பேன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன் மட்டும் சிரித்தான், பாவம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெரிய வண்டி வாங்கியும், ஒரு வயதான ஆளை ஏற முடியாத கடைசி மூலையில் போட்டு வைக்கலாம். இடம் இருக்கிறது என்பது வேறு, யாருக்கு எந்த இடம் என்பது வேறு.

ஓட்டிப்பார்க்க எடுத்தபோது கடைசி வரிசையில் நான் ஏறினேன். நான் ஒல்லி, முட்டி இன்னும் பேச்சைக் கேட்கிறது. மகன் ஓட்டினான். வேகத்தடை ஒவ்வொன்றும் எனக்குத் தனியாகத் தெரிந்தது. முட்டி நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தது. அரைமணி நேரம் தாங்கும், ஒன்றரை மணி நேரமும் பழகிக்கொள்ளலாம் என்று பட்டது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இது நம்ம ரூம் தாத்தா" என்றாள்.

இன்னொரு விஷயம், இதை யாரும் நாமாகக் கேட்காமல் சொல்ல மாட்டார்கள். டிக்கி. வேகன்ஆரின் டிக்கி 341 லிட்டர். எர்டிகாவில் மூன்று வரிசையிலும் ஆள் உட்கார்ந்தால் பின்னால் மிஞ்சுவது 209 லிட்டர்தான். வண்டி பெரிசு, டிக்கி சின்னது. கடைசி வரிசையைப் பாதி மடக்கினால் மூட்டை வைக்கலாம். அப்போது பேத்தி அம்மா பக்கத்துக்குப் போக வேண்டும். குழந்தை இருக்கையைக் கட்டிய பக்கம் நடுவரிசை மடங்காது, மறுபக்கமாகத்தான் பின்னால் போக வேண்டும் என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

வரி விஷயத்திலும் ஒரு கோடு இருக்கிறது. வண்டியின் நீளம் நான்கு மீட்டருக்குள் இருந்து, இன்ஜினும் சின்னதாக இருந்தால் ஒரு வரி. தாண்டினால் அதிக வரி. நம் ஊரில் இத்தனை கார்கள் நான்கு மீட்டரைத் தொடாமல் நிற்பதற்கு இது முக்கியக் காரணம். ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையப்போகிறது என்று அறிவிப்பு வந்ததால் மகன் பொறுத்திருந்தான். செப்டம்பர் 22 முதல் சின்ன வண்டிக்கு 18 சதவீதம், பெரியதற்கு 40 என்று ஆனது. எங்களுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். அந்த மிச்சத்தைத் தள்ளு கேட் விழுங்கியது. பட்டறைக்காரர் 38,000 வாங்கினார்.

அக்டோபர் 2, விஜயதசமி அன்று வண்டி வந்தது. வேகன்ஆரை ஓட்டிக்கொண்டு போனபோது என் மனைவி வாசலில் நின்று அதற்கும் கையை ஆட்டினாள்.

பணக்கணக்கில் நான் இன்றும் தோற்கவில்லை. வாடகை வண்டிதான் லாபம். ஆள் குறைவாக இருக்கும் வீட்டில், அல்லது எப்போதாவது மட்டும் சேர்ந்து போகிற வீட்டில், அதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். பத்து லட்சம் இல்லாத வீட்டில் அந்தப் பத்து லட்சத்தைக் கடன் வாங்கிப் போடாதீர்கள் என்றும் சொல்வேன். டவுன் பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது. அம்மாவைக் கல்லணைக்குக் கூட்டிப்போக எனக்கு அன்று தேவைப்பட்டது காரும் அல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். எங்கள் வீட்டில் ஆறு பேர் ஒரே கூரையில் இருக்கிறோம், கையில் பணமும் இருந்தது, அதனால் வாங்கினோம். இல்லாவிட்டாலும் நோட்டில் ஐந்தாவது கட்டம் போட்டிருக்கத்தான் வேண்டும்.

ஐப்பசியில், பேரனுக்கு ஒன்பதாம் மாதம், குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். துறையூர் தாண்டிப் போக வேண்டும். ஆறு பேரும் ஒரே வண்டியில் கிளம்பிய முதல் பயணம். முன்சீட்டில் என் மனைவி. சைக்கிளின் முன்கம்பிக்குப் பிறகு, ஓட்டுபவனுக்குப் பக்கத்து இடம் பல வருடமாக என்னுடையதாக இருந்தது. இப்போது அவளுடையது. பெல்ட்டைப் போடத் தெரியாமல் தடுமாறினாள், மகன் போட்டுவிட்டான். நடுவரிசையில் மருமகளும் பேரனும். பேத்தி கடைசி வரிசையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். டிக்கியில் இடம் போதாமல் பொங்கல் பானை என் மடிக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது.

கேட்டைச் சாத்துவதற்காக நான் மட்டும் கீழே நின்றேன். வண்டி வாசலைத் தாண்டியது. உள்ளிருந்து பேத்தியின் குரல் பதறியது.

"அப்பா இருங்க! அப்பாயி உள்ள இருக்காங்க. அப்ப யாரு டாட்டா காட்டுறது?"

வண்டி நின்றது. முன்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. என் மனைவி தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்க காட்டுங்க."

தள்ளு கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டுத் தெருவில் நின்றபடி கையை ஆட்டினேன். அவள் உள்ளே இருந்து ஆட்டினாள். பிறகு நான் குனிந்து, நடுவரிசைக்குப் பின்னால் நுழைந்து, பானையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

நோட்டு இப்போதும் இருக்கிறது. கிலோமீட்டர் எழுதுவதை விட்டுவிட்டேன். அந்தக் கட்டத்தில் 'யார் வரவில்லை, கேட்டோமா' என்று எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் பெரிய வண்டிப் பேச்சு வந்தால், இருக்கையை எண்ணுவதற்கு முன் அந்தக் கட்டத்தை ஒரு மாதம் நிரப்பிப் பாருங்கள்.